கோழிக்கடை அக்காவின் கை

நான் அவளை முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரு ஆளின் மூக்கை உடைத்திருந்தாள்.

செவிலிமேடு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அவளுடைய கோழிக்கடை. காலை எட்டேகால் மணி இருக்கும். டவுனில் ஒரு வேலையாகப் போக பஸ்ஸுக்காக நான் நின்றுகொண்டிருந்தேன். கறி வாங்க வந்தவன் பையை வாங்குகிற சாக்கில் அவள் மாரைத் தொட்டிருக்கிறான். அவள் கத்தவில்லை. முழங்கையை மடக்கி ஒரே இடி. அவன் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். விரலிடுக்கில் ரத்தம் ஒழுகியது. அவள் ஒரு ஈரத்துணியை அவன் மடியில் போட்டாள். "தலைய பின்னால சாய்க்காத. முன்னால குனி, இல்லன்னா தொண்டைல எறங்கும்" என்றாள். பிறகு அவன் கேட்ட முக்கால் கிலோவை வெட்டி, எடை போட்டு, அவன் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள்.

நான் சின்னக் காஞ்சிபுரத்துப் பெண். கோயில் கைங்கரியக் குடும்பம். கல்யாணமாகி செவிலிமேட்டில் வீடு கட்டி வந்த பிறகுதான் கோழிக்கடை வாசலைக் கடந்து வேலைக்குப் போகிற வாழ்க்கை எனக்கு வாய்த்தது. பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கிறேன். தவளையின் படம் வரைவேன், தவளையைத் தொட்டதில்லை. அந்தக் கடையைக் கடக்கும்போது முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வேன். அதை அவள் கவனித்திருக்கிறாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

என் வயதுதான் அவளுக்கு. எல்லோரும் அக்கா என்றார்கள். பெரிய உடம்பில்லை. முன்கை மட்டும் ஆண்பிள்ளைக்கு இருப்பதுபோல் முறுக்கிக்கொண்டு இருக்கும். வலது கண்ணிமை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். அதனால் யாரைப் பார்த்தாலும் முறைக்கிறாள் என்று தோன்றும். முறைத்துக்கொண்டும்தான் இருப்பாள்.

அவளுக்குப் பேச்சைவிடக் கை முந்தும். கோழிகளை ஏற்றி வருகிறவன் செத்த கோழியைக் கலந்து இறக்கினால் அதே கோழியைக் காலைப் பிடித்துச் சுழற்றி அவன் முதுகில் அடிப்பாள். புருஷன் குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிறவன். குடித்துவிட்டு வந்து அடிப்பான். அவள் திருப்பி அடிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு கடைக்கே வந்தான். அவள் பெல்ட்டின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். அவன் இறகும் குடலும் கிடக்கிற நீல டிரம்முக்குள் தலைகுப்புறப் போனான். கறிக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். "வாங்குனத வச்சிக்கக் கூடாது, அப்பவே குடுத்துடணும்" என்று அவள் சொல்லிக்கொண்டே கத்தியைக் கழுவினாள். நானும் பஸ் நிறுத்தத்தில் நின்று சிரித்தேன். எனக்கு அவளை அன்று பிடித்துப்போனது.

ஆனால் அந்தக் கை மகள் மேலும் விழுந்துகொண்டிருந்தது.

ஒரே மகள். என் பள்ளியில் ஆறாம் வகுப்பு. வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்தால் பத்து நிமிஷம். அந்தப் பெண்ணுக்கு அரைமணி நேரமாகும். நடுவில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். யார் வீட்டுப் படியிலாவது உட்காரும். அம்மாக்காரி கடையிலிருந்து பார்த்துவிட்டால் ரத்தக் கையோடு ஓடிப்போய் முதுகில் சாத்துவாள். பின்னங்கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வருவாள். யூனிபார்மின் காலரில் விரல்தடம் சிவப்பாக இருக்கும். ஒருநாள் நான் தயங்கித் தயங்கி, இப்படி அடிக்கலாமா என்று கேட்டேன். சோம்பேறித்தனம் தோலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நாலு போட்டால் உதிர்ந்துவிடும் என்று சொன்னாள். அவள் அம்மா அவளுக்கு அப்படித்தான் உதிர்த்தாளாம்.

நானும் தலையாட்டினேன். ஏனென்றால் வகுப்பில் அந்தப் பெண் கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். தூங்குகிறாள் என்று நானும் நினைத்தேன். முட்டி போட வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் ஒருநாள் விளையாட்டு ஆசிரியர் வரவில்லை. என்னை மைதானத்துக்கு அனுப்பினார்கள். எல்லோரும் இரண்டு சுற்று ஓட வேண்டும் என்றேன். அந்தப் பெண் அரைச் சுற்று ஓடி உட்கார்ந்தாள். நான் போய் மர ஸ்கேலால் கெண்டைக்காலில் இரண்டு அடி கொடுத்தேன். எழுந்து ஓடினாள். கண்ணை முழுசாகத் திறக்க முகத்தைத் தூக்கிக்கொண்டு, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினாள். ஒன்றரைச் சுற்றில் விழுந்து வாந்தி எடுத்தாள். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. கால் இரண்டும் கட்டை மாதிரி விறைத்துப்போய், மூத்திரம் காபி நிறத்தில் போய், அவளைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அங்கிருந்து சென்னை. தொடையில் துளித் தசை வெட்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் முடிவு வந்தது.

அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கோழிக்கடை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். குளித்து, தலை பின்னி, வெள்ளைப் புடவை மாதிரி வெளுத்த ஒரு புடவையில் வந்திருந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். "எம்மேல வாடை அடிக்கும் டீச்சர், உங்களுக்கு ஆவாது" என்றாள். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அதுதான் நான் அவள் கையைத் தொட்ட முதல் தடவை.

டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னாராம். மைட்டோகாண்ட்ரியா என்ற ஒரு சொல்லை மட்டும் அவள் வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். நான் பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் வரைகிற படம் அது. அவரைக்கொட்டை மாதிரி ஒரு உருவம், உள்ளே நெளிநெளியாகக் கோடு. செல்லின் ஆற்றல் நிலையம் என்று எழுதிவிட்டு அழித்துவிடுவேன். அன்றைக்கு ஒரு தாயின் முன்னால் வைத்து அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

உடம்பில் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இது நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்றேன். ரெண்டு தோல். வெளித்தோல் வழவழப்பாக இருக்கும். உள்தோல் அப்படியில்லை, ரொம்பப் பெரியது, சின்ன இடத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் மடிப்பு மடிப்பாக உள்ளே போகும். சாப்பிட்ட சோறும் இழுத்த மூச்சும் கடைசியில் அந்த மடிப்புகளின் மேல்தான் சந்திக்கின்றன.

"ஆட்டுக் குடல கழுவும்போது உள்ள பாத்தா அடுக்கடுக்கா இருக்குமே, அதுமாரியா?" என்று கேட்டாள்.

அதேதான் என்றேன். மடிப்பு அதிகமானால் இடம் அதிகம். இடம் அதிகமானால் அதில் பொருத்தியிருக்கிற வேலைக்காரப் புரதங்கள் அதிகம். அவளுக்குப் பிறந்த ஊர் தென்னேரி. அதனால் ஏரியை வைத்துச் சொன்னேன். உள்தோலிலிருக்கும் புரதங்கள் உணவிலிருந்து கிடைக்கும் விசையைக் கொண்டு மின்னேற்றமுள்ள நுண்துகள்களை இரண்டு தோலுக்கும் நடுவில் இருக்கிற குறுகலான சந்துக்குள் தள்ளித் தள்ளி ஏற்றுகின்றன. சந்து குறுகல் என்பதால் சீக்கிரம் நெருக்கடி ஆகிவிடும். திரும்பி வர ஒரே வழி, மதகு மாதிரி. அந்த மதகில் ஒரு சக்கரம். துகள்கள் பாய்ந்து இறங்கும்போது சக்கரம் சுற்றும்; அது சுற்றச் சுற்றத்தான் தசைக்குத் தேவையான சக்தி தயாராகிறது. அதைச் சேர்த்து வைக்கவும் முடியாது. நொடிக்கு நொடி செய்துகொண்டே இருக்க வேண்டும்.

பிறகு நான் எதிர்பாராததைக் கேட்டாள். "நாட்டுக்கோழிக்குத் தொடக்கறி கருஞ்செவப்பா இருக்குது, நெஞ்சுக்கறி வெளுப்பா இருக்குது. புறாவுக்கு நெஞ்சே கருப்பா இருக்கும். நாள் பூரா நடக்குற காலு, பறக்குற நெஞ்சு. அங்கெல்லாம் இது நெறய இருக்குதா?"

ஓயாமல் உழைக்கிற தசையில் இது நிறைய இருக்கும், அந்தச் சிவப்பில் அதற்கும் பங்குண்டு என்று நான் படித்திருக்கிறேன். ஆனால் அவள் சொல்லும்வரை நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

ரிப்போர்ட்டில் ஒரு படம் இருந்தது. மகளின் தசைக்குள் எடுத்தது. மடிப்புகள் உள்நோக்கிப் போகாமல், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் வட்டம் வட்டமாகச் சுருண்டிருந்தன. சில இடத்தில் மடிப்பே இல்லை. அவள் அதன்மேல் விரலை வைத்தபடி இருந்தாள்.

"அப்ப அவளுக்கு ஓடச் சக்தி வராது."

"வராது."

"நான் அடிச்சா?"

"அடிச்சாலும் வராது."

நான் அப்போது மைதானத்தில் நடந்ததைச் சொன்னேன். ஸ்கேலால் அடித்ததையும் சொன்னேன். அந்தக் கை என் முகத்தில் இறங்கும் என்று நிச்சயமாக நினைத்தேன். இறங்கட்டும் என்றும் இருந்தது. அவள் எத்தனை அடி என்று கேட்டாள். இரண்டு என்றேன்.

"நான் எண்ணுனதே இல்ல டீச்சர்" என்றாள்.

போகும்முன் இன்னொன்றும் கேட்டாள். இது அம்மாவிடமிருந்து வருகிறதென்று டாக்டர் சொன்னாரே, நிஜமா. நான் பொய் சொல்லியிருக்கலாம். அப்பாவினுடைய மைட்டோகாண்ட்ரியா கருவில் தங்குவதில்லை, அம்மாவினுடையது மட்டும்தான் பிள்ளைக்குப் போகிறது என்றேன். உனக்கு உன் அம்மா கொடுத்தது, அவளுக்கு அவள் அம்மா, இதில் யார் தப்பும் இல்லை என்று பின்னாலேயே ஓடிப்போய்ச் சொன்னேன். அதை அவள் காதில் வாங்கினாளா என்று தெரியாது.

புருஷனுக்கும் மாமியாருக்கும், அம்மாவிடமிருந்து என்ற அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. மாமியார் தெருவில் நின்று, விஷத்தைப் பெத்துப் போட்டவள் என்று கத்தினாள். அவன் தினமும் அடித்தான். அவள் திருப்பி அடிக்கவில்லை. கன்னம் வீங்கி, உதடு கிழிந்து, ஒருநாள் விலா எலும்பைத் துணியால் கட்டிக்கொண்டு கோழி அறுத்தாள். ஒருநாள் நான் பார்க்கவே, கடைக்குள் அவள் தலைமுடியைப் பிடித்துக் கறிவெட்டும் கட்டையில் நெற்றியை மோதினான். அவள் கையில் கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். நான் போலீஸுக்குச் சொல்கிறேன் என்றேன். "எம்மூலமாத்தான வந்துது. வாங்கிக்கிறேன் வுடுங்க" என்றாள். இரண்டு மாதம் இப்படிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் கேட்டைத் தட்டினாள்.

"டீச்சர், சோறில்லாம அவ எத்தன நாள் தாங்குவா?"

விசேஷத்துக்கு என்று சொல்லி வெள்ளிக்கிழமையே பெண்ணைப் புருஷனும் மாமியாரும் கூட்டிப்போயிருக்கிறார்கள். உண்மையில் போனது வாலாஜாபாத்துக்கு அப்பால் ஒரு தோப்புக்கு. அங்கே பேய் ஓட்டுகிற ஒருவன். இமை இறங்குவதும் நடை தளர்வதும் காற்றுக் கருப்பு என்று சொல்லி, மூன்று நாள் அன்னம் தண்ணி இல்லாமல் வைக்கச் சொல்லியிருக்கிறான். அவளுடைய தம்பிக்கு யாரோ சொல்லி, அவன் ஆட்டோவோடு வந்து நின்றான். சாதாரணப் பிள்ளை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பை எரித்துச் சமாளிக்கும். இவளுக்கு அதை எரிக்கிற இடமே பழுது. ஒருநாளே ஆபத்து என்றேன். நானும் ஏறினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண்ணின் தலைமுடியை அவிழ்த்து வேப்பமரத்தில் ஆணியடித்த கயிற்றோடு முடிந்திருந்தார்கள். பேய் ஓட்டுகிறவன் பிரம்பால் தோளில் அடித்து உன் பேரென்ன என்று கேட்டுக்கொண்டிருந்தான். பத்துப் பேர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் அழவில்லை. அடி விழுகிற பக்கம் தலை தொங்கி ஆடியது.

அவள் ஓடிப்போய்ப் பிரம்பைப் பிடித்தாள். அவன் விடவில்லை. அவன் மணிக்கட்டைத் தன் முழங்காலில் வைத்து, கோழிக் காலைத் திருகுவதுபோல் திருகினாள். எலும்பு விலகுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பின்னாலிருந்து புருஷன் விறகுக்கட்டையால் அவள் மண்டையில் அடித்தான். ரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் திரும்பினாள். அந்த இரண்டு மாதத்தையும் அவள் அங்கேயே திருப்பிக் கொடுத்தாள். முகத்தில், வயிற்றில், விழுந்த பிறகு விலாவில். மாமியார் அவள் கூந்தலைப் பிடித்துத் தொங்கினாள். அவளையும் இழுத்துக்கொண்டே அடித்தாள். தம்பி பயந்துபோய், "அக்கா, செத்துடப் போறான்க்கா" என்று அவளைக் கட்டிப்பிடித்தான். நான் அதற்குள் கயிற்றை அவிழ்க்கப் பார்த்து, முடியாமல், பல்லால் கடித்து அறுத்துப் பெண்ணைத் தூக்கியிருந்தேன். உடம்பு சில்லென்று இருந்தது. மூச்சு மட்டும் ஓடி வந்தவளுடையதுபோல் வேகமாக இருந்தது.

ஆட்டோவில் அவள் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா என்றாள். நினைவில்லாத பிள்ளை, புரையேறிவிடும், வேண்டாம் என்றேன். அவள் தலை ரத்தம் என் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் சாயங்காலம் பெண் கண்ணைத் திறந்தாள். போலீஸ் வந்தது, கை உடைந்தவனும் அவளும் ஆளுக்கொரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். புருஷன் வீட்டுக்கு அவள் திரும்பவில்லை. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறை எடுத்தாள்.

அதன்பின் நாலு வருடம் பெண் இருந்தாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் ஊட்டவேண்டும். செல்போனில் மணி வைத்து, அறுத்த கோழியை அப்படியே போட்டுவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை கையைத் தேய்த்துக் கழுவி வந்து ஊட்டுவாள். பள்ளிக்கு இடுப்பில் தூக்கி வருவாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை, பதின்மூன்று வயதுப் பெண்ணை. புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் சோம்பேறி என்று சொல்லிப் பெண்ணின் காதைத் திருகிவிட்டார். இவள் ரிப்போர்ட்டோடு வந்து, வகுப்பின் முன்னால் அதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். அவர் மறுத்தார். அறை விழுந்த சத்தம் எங்கள் ஓய்வறை வரை கேட்டது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் தோழியை அடக்கி வையுங்கள் என்றார். தோழி என்று வேறொருவர் சொல்லித்தான் எனக்கும் அது தெரிந்தது.

பதினைந்து வயதில், ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் பெண் போய்விட்டாள். அவள் அழவில்லை. கடையைத் திறந்து இரண்டு நாள் விடாமல் வெட்டினாள். எலும்பு, கறி, கட்டை என்று பார்க்காமல் வெட்டினாள். யாரும் வாங்க வரத் துணியவில்லை.

பிறகு அந்த நோய் அவள் கைக்கே வந்தது. முதலில் கத்தி நழுவியது. ஒருதரம் இடது கட்டைவிரல் நுனி போனது. இடதுகண் இமையும் இறங்கியது. கடையை விற்றுவிட்டுத் தென்னேரிக்குத் தம்பி வீட்டோடு போனாள். நான் மாதம் ஒருமுறை போவேன். கடைசியாகப் போனபோது என்னைப் பஸ் ஏற்றிவிட எழுந்து வந்தாள். ஏரிக்கரை வரை நூறு அடி இருக்கும். மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது இடத்தில் மண்ணில் கையை ஊன்றிக்கொண்டு, "அவ நடக்கமாட்டேன்னு அடம் புடிக்கிறான்னு நெனச்சேன். இப்ப எனக்குக் காலத் தூக்குன்னா, யாருதோ காலு மாரி இருக்குது" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ் போனது.

அன்றைக்குத்தான் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். செத்த பிறகு உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதாக எழுதியிருந்தாள். தம்பி கையெழுத்துப் போட்டிருந்தான். சாட்சிக்கு என்னைப் போடச் சொன்னாள். "நான் எத்தன வெட்டியிருக்கேன். என்னயும் வெட்டிப் பாக்கட்டும். அந்த மடிப்பு ஏன் அவுந்துதுன்னு யாருக்காவது தெரியட்டும்" என்றாள். போட்டேன்.

மாசியில் அவள் இறந்த தகவல் வந்தது. நான் போனபோது மருத்துவக் கல்லூரி வண்டி வந்து நின்றிருந்தது. வாசலில் புருஷன். இத்தனை வருடமாக எட்டிப் பார்க்காதவன், மாலையும் பாடையும் ஆளுமாக வந்திருந்தான். தாலி கட்டியவன் நான், பிணத்தை அறுக்கக் கொடுக்கமாட்டேன் என்று கத்தினான். தம்பியை நாலு பேர் பிடித்துச் சுவரில் அழுத்தியிருந்தார்கள். அவன் மூக்கில் ரத்தம். ஸ்ட்ரெச்சர் பாதி வண்டிக்குள், பாதி வெளியே. அதன் ஒரு காலைப் புருஷன் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். போர்வை விலகி அவள் வலதுகை வெளியே தொங்கியது. மெலிந்துபோய், சின்னப் பெண்ணின் கைபோல இருந்தது.

நான் நடுவில் போய் நின்று, பையிலிருந்த காகிதத்தின் நகலைக் காட்டினேன். அவள் இஷ்டம் இது என்றேன். அவன் என் இடது காதோடு சேர்த்து அறைந்தான். என் வாழ்நாளில் யாரும் என்னை அறைந்ததில்லை. கண்ணாடி தெறித்து எங்கோ விழுந்தது. ஒரு பக்கம் எல்லாம் ஊமையாகிவிட்டது. நான் விழவில்லை. ஸ்ட்ரெச்சரை என் முழு உடம்பாலும் உள்ளே தள்ளினேன். அவள் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்து, நானும் ஏறி, கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டேன். வெளியே கதவை உதைத்தார்கள். ஓட்டுநரிடம் வண்டியை எடுங்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் எடுத்தார்.

கல்லூரி போய்ச் சேரும்வரை என் காதுக்குள் ரீங்காரம் நிற்கவே இல்லை.